மகனுக்காகக் காத்திருக்க வேண்டாம்

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் என்று தேதியிட்ட தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. "நான் இறந்தால் மகனுக்காகக் காத்திருக்க வேண்டாம். மறுநாளே அடக்கம் செய்துவிடவும். முதல் பிடி மண்ணை மைத்துனர் போடட்டும்."

இதை நான் முதலில் எழுதியது உயிலில். வீடு, வங்கி வைப்பு எல்லாவற்றுக்கும் பிறகு கடைசிப் பத்தியாகச் சேர்த்திருந்தேன். வக்கீல் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உயில எப்ப எடுத்துப் படிப்பாவ அண்ணாச்சி? ஏழாம் நாள் பூசை முடிஞ்ச பொறவுதான. அதுக்குள்ள ஒங்க மாலையே காஞ்சிருக்கும். இத இப்பமே ஆள்கிட்ட சொல்லி வைங்க."

சொல்வதற்கு ஆள் யார் என்று யோசித்தேன். மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். மனைவி போன வருடம் போய்விட்டாள். மிச்சம் அவளுடைய அண்ணன் ஒருவர்தான்.

அவள் இறந்தபோது மகனுக்காகக் காத்திருந்தோம். கூடத்தில் குளிர்பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கப்பல் நடுக்கடலில், கரை சேர நாளாகும் என்று முதல் நாளே தெரியும். ஆனாலும் ஒற்றை மகன் வராமல் எடுப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. மூன்றாம் நாள் மாலை, கோயில் மணி அடிக்க எடுத்தோம். மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். சவப்பெட்டியை மூடும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது: "பெத்தவளுக்கு மண்ணு போட வராத கப்பலு என்ன கப்பலு?" அது அவன் காதுக்கும் போயிருக்கிறது. அதன் பிறகு ஊருக்கு வரவில்லை.

இன்னொரு முறை அவனுக்கு அது நேரக்கூடாது. தாளை எடுத்துக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போனேன். வாசித்துவிட்டு மடித்தார்.

"மாப்ள, ஒம்ம மவன் வராம எடுத்தா ஊரு என்னயத்தான பேசும்?"

"பேசட்டும் மச்சான். அவனப் பேசுறதுக்கு ஒங்களப் பேசுனா பரவால்ல."

"நல்லாருக்கு. நான் ஒம்மவிட மூத்தவன் வேய். மொதல்ல எனக்கு மண்ணு போட வாரும்."

இருவரும் சிரித்தோம். எழுந்து வரும்போது வாசல்வரை வந்து, "பாப்பம்" என்றார்.

தாளைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி அன்றே விழுந்தது. மாலைகளில் மொட்டை மாடியில் நின்றால், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களின் விளக்குகள் தெரியும். அவன் கப்பல் அவற்றில் இல்லை என்று தெரிந்தும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். சாப்பாடு, மழை, கரண்ட் பில் எல்லாம் கேட்டான். வைக்கும் முன்னால், "அப்பா, மாமா என்ன சொன்னாவ?" என்றான்.

"பாப்பம்னு சொன்னாவ."

இயந்திர இரைச்சலுக்கு நடுவே, "சரிப்பா" என்றான்.

எதையும் சரிபார்க்காமல் நான் எழுதி வைப்பதில்லை. மைத்துனர் அந்த வார்த்தையைச் சொன்ன தேதியைத் தாளின் அடியில் குறித்திருக்கிறேன். தாளில் உள்ளபடி செய்வாரா என்பதைச் சரிபார்க்க நான் இருக்க மாட்டேன். ஆகவே பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: உறுதி செய்யப்படவில்லை.