வீட்டில் தமிழ் மட்டும்

போன மாதம் என் பேத்தியைப் பேச்சுப் பயிற்சிக்காக அடையாறுக்கு அழைத்துப் போனோம். பிள்ளைக்குத் திக்கல், என்னைப் போலவே. மருமகன் வீட்டில் மலையாளம். இரண்டு மொழி காதில் விழுவதால்தான் திக்குகிறதோ என்று என் மகள் கேட்டாள். பயிற்சி தரும் பெண் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் பழைய நெனப்புங்க. ரெண்டு பாட்டியும் அவங்கவங்க பாஷையிலயே கொஞ்சட்டும். அப்பதான் பிள்ளைக்குத் தைரியம் வரும்." நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு எட்டு வயதில் நாங்கள் சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருந்தோம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். எனக்கு இரண்டிலும் திக்கும். "இன்னா ரேடியோ, ஸ்டேஷன் புடிக்கலையா?" என்று தெருப் பிள்ளைகள் கேட்பார்கள். அப்பாவை நைனா என்போம். சந்தையில் மூட்டை தூக்கியவர். யாரோ சொல்லக் கேட்டு, சனிக்கிழமைதோறும் என்னை மயிலாப்பூரில் ஒரு அம்மாளிடம் அழைத்துப் போனார். அவர் காசு வாங்கமாட்டார். தொடையில் தட்டித் தட்டி ஒவ்வொரு சொல்லாகப் பேசச் சொல்லித் தருவார். நல்லவர்தான்.

முதல் நாள், என் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து வாசலில் உட்காரவைத்துவிட்டு அவர் நைனாவிடம் பேசியதை, பல வருடம் கழித்து நைனா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"ஆத்துல என்ன பாஷை பேசுவேள்?"

"தெலுங்குதாம்மா."

"அதான். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிண்டு குழந்தை முழிக்கறது. திக்கல் போறவரைக்கும் ஆத்துல தமிழ் மட்டும்தான். அவ அம்மாகிட்டயும் சொல்லிடுங்கோ. குழந்தைக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா பயந்துக்கும்."

அம்மா நெல்லூர்ப் பக்கம். அவளுடைய தமிழ் குழாயடியில் கற்றது. அதில் பேரம் பேசலாம், சண்டை போடலாம். கொஞ்ச வராது. திடீரென்று ஒரு நாளிலிருந்து அவள் என்னிடம் 'வா', 'துன்னு', 'படு' என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். தலை வாரும்போது சொல்லும் கதைகள் நின்றுபோயின. கதை கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு சீப்பை அழுத்துவாள். என்ன தப்பு செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டது. குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தையோடு தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த அம்மா, என்னைக் கண்டதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். திக்குவாயைப் பெற்ற கதையைத்தான் சொல்லிச் சிரித்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். ஊருக்கெல்லாம் சிரிப்பு, எனக்கு மட்டும் 'படு'.

அந்த ஐப்பசியில் ஒரு மாலை தொப்பலாக நனைந்து வந்தேன். மழையால் வேலையில்லாமல் நைனாவும் வீட்டில் இருந்தார். அம்மா ஓடிவந்து முந்தானையால் என் தலையைத் துவட்டியபடி, தன்னை மறந்து, "தடிசிபோயாவா தல்லி" என்றாள். நனைந்துவிட்டாயா தாயே என்று கேட்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைத் தல்லி என்று கூப்பிட்டது அன்றுதான்.

அவள் கையைத் தள்ளிவிட்டேன்.

"எனக்குத் தெலுங்கு தெரியாது."

ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை.

நைனா துள்ளி எழுந்தார். "இன்னாம்மா சொன்ன? இன்னொரு தபா சொல்லு! பாத்தியாடி, ஒரு எடத்துலகூட நிக்கல!" என்று அம்மாவிடம் கத்திவிட்டு, மழையையும் பாராமல் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடினார். அம்மா ஈர முந்தானையைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மயிலாப்பூரில் பழையபடி 'எ... எ...' என்று நின்றேன். "ஒரு தடவை வந்துடுத்தோல்லியோ? இன்னும் வரும். விட்டுடாதேள்" என்றாராம் அந்த அம்மாள், நைனாவைத் தனியே கூப்பிட்டு.

என் திக்கல் போகவில்லை. அம்மா அதன் பிறகு என்னிடம் ஒரு தெலுங்குச் சொல்கூடப் பேசவில்லை. கல்யாணம் முடிந்து நான் கிளம்பிய அன்றும் "போய்ட்டு வா" என்றுதான் சொன்னாள்.

எட்டு வயதில் நான் நினைத்ததெல்லாம், அவளுக்கு நன்றாக உறைக்கும்படி சொல்லிவிட்டேன், அதனால்தான் வாயடைத்துப் போனாள் என்பதுதான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு, தான் வாயை மூடியிருப்பதால் பெண்ணுக்குப் பேச்சு வருகிறது என்று அவள் நம்பிவிட்டது எனக்குத் தெரியவில்லை.