ஏறாத ரத்தம்

என் தம்பி பெண்டாட்டி ஜினிஷாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பொய்க்காரி ஆக்கியபோது எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் அவள். விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு என் தம்பி பெனிஷோடு கிளம்பிவிடுவாள். வயிறு தெரிந்த பிறகும் நிற்கவில்லை. "மரம் நமக்காண்டி லீவு போடுமா மைனி?" என்று என்னைக் கேலி செய்வாள். எட்டாம் மாதம் ஒரு மரத்தைப் பிடித்தபடியே சரிந்தாள். அதோடு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தோம். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை.

டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஊர் நர்ஸ் தந்த இரும்பு மாத்திரையத் தூர எறிஞ்சியா? உண்மையச் சொல்லு. இந்த ரத்தத்தோட வலி வந்தா உன்னக் காப்பாத்துறதே கஷ்டம்."

"ஆண்டவரறிய எறியல்ல டாக்டர்."

"அப்போ ரத்தம் ஏன் ஏறல்ல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விடுவேனா? "எந் தம்பி தினமும் கையால குடுக்கான் டாக்டர், சும்மா பழி சொல்லாதீங்க" என்று சத்தம் போட்டேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இரும்பு மருந்தை நரம்பில் ஏற்றுவதாக ஏற்பாடு. அன்று சாயங்காலம் வார்டு நர்ஸ் சபிதா மாத்திரை கொண்டுவந்தாள். பெனிஷ் எழுந்து, "நான் குடுக்கேன் சிஸ்டர்" என்று பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினான்.

"அது என்னது அண்ணே?"

"கட்டன் சாயா, பால் ஊத்தாத தேயில. வெறும் வெள்ளத்துல முழுங்குனா அவளுக்கு ஓக்காளம் வருது. அதான் வேலைக்கு எறங்கும்போ நானே கட்டன் போட்டு, அதுலயே குடுப்பேன். ஒரு நாளும் முடக்குனதில்ல." சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை.

சபிதா மூடியை வாங்கிக்கொண்டாள். "சாயா கூட குடுத்தா மாத்திரையில உள்ள சத்து உடம்புல சேராது அண்ணே. யாரும் சொல்லல்லியா?"

அடப்பாவிகளா! எறிந்தாயா என்று கேட்க ஆள் இருந்தது. எதில் முழுங்குகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே. பெனிஷ் சுவரில் சாய்ந்துவிட்டான். ஜினிஷாதான், "அவிய பாசத்துல தந்தது சிஸ்டர், ஏசாதீங்க" என்றாள்.

அந்த மருந்து ஏறக்கூட நேரம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வலி கண்டது. உள்ளே கொண்டுபோனார்கள். கையிருப்பில் இருந்த ஒரு பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்ததற்கு நாகர்கோவிலுக்கு ஆள் போயிருந்தது. வெளியே மழை. நர்சுகள் ஓடுவதும் வருவதுமாக இருந்தார்கள். "அக்கா, நானே அவளக் கொன்னுட்டேனா?" என்று பெனிஷ் கேட்டான். "வாயக் கழுவுலே" என்று அதட்டினேன்.

ரத்தம் வந்து சேர்ந்தது. பெண்குழந்தையின் அழுகை கேட்டது. அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான், தாய்க்கு இனி பயமில்லை என்றார்கள்.

ஜினிஷா கண்ணைத் திறந்ததும் நாக்கு வறண்டுபோய் முனகினாள். "ஒரு மடக்கு கட்டன் தருவியளா?"

பெனிஷ் பொங்கிப் பொங்கி அழுதான். டம்ளரில் தண்ணீரை எடுத்து அவள் வாயில் வைத்தான்.

"வெள்ளம் குடி மக்கா."