லட்சுமிக்கு அனுமதி இல்லாத மலை

கயல், முத்து, இரண்டு பேரும் கேளுங்கள். நான் வேலை செய்யும் இந்த சிலி நாட்டுத் தொலைநோக்கி மலையில் பொழுது சாய்ந்தால் விளக்கை ஏற்ற மாட்டார்கள், அணைப்பார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வேறு. நம் ஊர் குடவாசலில் கரண்ட் போனால்தான் நாம் இப்படி இருப்போம்.

"கருந்துளைய பாத்தீங்களாப்பா?" என்று போனில் கேட்டீர்களே, நான் சமையல்காரன். தொலைநோக்கியில் பார்க்கிறவர் எலேனா மேடம். அவரும் அதைப் பார்த்ததில்லை. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை அது உறிஞ்சுமாம். வாயு சுழன்று சூடேறி எக்ஸ்ரே கக்கும்போது, கண்ணில் படும் வெளிச்சமும் கூடும். அந்த வெளிச்சத்தைத்தான் மேடம் அளக்கிறார். எனக்கு நம் வயல் ஞாபகம் வந்தது. வரப்பில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் வடியும், நண்டு தெரியாது. ஒரு கைப்பிடி உமி தூவுவேன். எங்கே சுழன்று உள்ளே போகிறதோ அங்கே வளை. இதை மேடத்திடம் சொன்னேன்.

"செஞ்ஞோர் குமார், இதுக்கா நான் இத்தன வருஷம் படிச்சேன்!" என்று தலையில் கை வைத்தார்.

செஞ்ஞோர் என்றால் இங்கே ஐயா. அந்த மரியாதையை நானே கெடுத்துக்கொண்டேன். அவர் அளக்கும் அந்த நட்சத்திரம் திடீரென்று பிரகாசமானது. அந்தியில் கொஞ்ச நேரம்தான் மேற்கே தெரியும். அதுவும் இரண்டே நாள், பிறகு சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும். முதல் நாள் நான் பாத்திரம் கழுவி, கையைத் துடைத்து, வாசல் விளக்கைப் போட்டுவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் இருட்டாகக் கிடக்கலாமா? கை தானாகப் போய்விட்டது.

மேடம் மூச்சு வாங்க ஓடிவந்தார். படமெல்லாம் வெளுத்துப் போயிருந்ததாம். எங்கள் அரைகுறை இங்கிலீஷில் பேச்சு இப்படிப் போனது:

"யார் வராங்கன்னு விளக்கு போட்டீங்க?"

"லட்சுமி, மேடம்."

"அனுமதி வாங்கினாங்களா? எந்த ரூம்?"

"ரூமெல்லாம் வேணாங்க. விளக்கு எரிஞ்சா உள்ள வந்து அப்படியே தங்கிடுவாங்க."

மேடம் சரக்கறைக்குள் குனிந்து தேடினார்! சாமி என்று புரிய வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் அந்தியில், இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு சுவிட்ச் போர்டுக்கு முதுகு காட்டி நின்றேன். கை இரண்டு தரம் துறுதுறுத்தது. விடவில்லை. நட்சத்திரம் மறைந்த பிறகு மேடம் இறங்கி வந்தார். மேசையில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி விரலால் சுழற்றினார்.

"உங்க நண்டு ஆப்ட்டுக்கிச்சு."

அவர் படுக்கப் போனதும் சரக்கறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். நம் ஊரில் அப்போது விடிகாலை, வாசலில் உங்கள் அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். பெரிய சோற்றுப் பானைக்குள் ஓர் அகலை ஏற்றி வைத்து, மூடியை முக்கால்வாசி சாய்த்தேன்.

"பின்பக்கமா வாங்கம்மா, முன்வாசல்ல அனுமதி கிடையாது."