பேச்சிராஜின் நூற்றெண்பது கிராம்

இசைத்தட்டில் எடை குறைந்துவிட்டதென்று, சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எடை போடும் பேச்சிராஜ் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று ஊருக்குள் ஒரு பேச்சு. விசாரித்ததில் அது சுத்தப் பொய். மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறார். நடுவே இரண்டு தடவை பரோட்டாவும். எடை குறைந்தது மட்டும் நிஜம்.

பாளையங்கோட்டைக் கடைக்காரர் ஷாஜித்திடம் அவர் வரவழைத்தது நூற்றெண்பது கிராம் தட்டு. அதே பாட்டு நூற்றிருபது கிராம் தட்டில் வீட்டிலேயே இருந்தது. ஆனாலும் கனமான தட்டில் பாட்டு கனமாகக் கேட்கும் என்று யாரோ சொல்ல, எண்ணூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினார். பிரித்ததும் உறையைக் கழற்றிவிட்டுப் பூத் தராசில் வைத்தார். நூற்றெழுபது. தட்டை ஊதிவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் நூற்றெழுபதுதான்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்திலும் பத்து கிராம் பிசகாத கை அது. அந்தக் கைக்கே ஒருத்தன் எடை குறைத்துக் கொடுத்துவிட்டான் என்றால், நாளைக்குப் பூ விளைவித்துக் கொண்டுவரும் எந்தச் சம்சாரி அவர் சொல்லும் எடையை நம்புவான்? மார்க்கெட்டில் அதற்குள் இரண்டு பேர் சிரித்தாயிற்று. திருப்பி அனுப்ப மறுநாள் சாயங்காலம்வரைதான் கெடு.

"ஒரு மட்டம் கேட்டுட்டுத் திருப்புங்க" என்றாள் மனைவி ராஜேஸ்வரி.

"எடையே சரியில்ல. கேக்கதுக்கு என்னட்டி இருக்கு?"

அவரைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, இரண்டு தட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். இரண்டாவது ஓடும்போது பேச்சிராஜ் தொடையில் தட்டினார். "ஆயிரந்தான் சொல்லு, கனம் கனந்தாம்ட்டி!"

திரும்பிப் பார்த்தார். சுழன்றுகொண்டிருந்தது பழைய தட்டு.

"தண்ணி தெளிச்ச பூவும் எடை நிக்கத்தான் செய்யும்" என்றாள் ராஜேஸ்வரி. "ஒதறிட்டு வையும்னு சம்சாரிய வையுத ஆளு, வீட்டுக்கு வந்து கனத்துல மயங்குதியளே!"

பேச்சிராஜ் ஷாஜித்துக்குப் போன் போட்டார்.

"எடைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல அண்ணாச்சி" என்றார் ஷாஜித். "பதிவு நல்லா இருந்து, அச்சு நல்லா விழுந்தாப் போதும்."

"அப்போ எண்ணூறு ரூவா எதுக்குவே கூட வாங்குனீரு?"

ஷாஜித் இழுத்தார். "கனமா இருந்தா லேசுல வளையாதுல்லா… கையில எடுத்தாலும் ஒரு இது இருக்கும். சரி, திருப்பிருங்க. ரூவாய அனுப்பிருதேன்."

"பூவுல எடை குறைஞ்சா எவனாவது பூவத் திருப்புவானாவே? குறைஞ்சத அள்ளிப் போடணும். பத்து கிராமக் கொண்டாரும்."

"பத்து கிராம் தட்ட நான் எங்கன போயி வெட்டுவேன் அண்ணாச்சி?"

"அது உம்ம பாடு."

கெடு முடிந்தது. தட்டு போகவில்லை. மறுநாள் மார்க்கெட்டில் துரைப்பாண்டி என்கிற பூ வியாபாரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஒங்களையே ஏமாத்திட்டானாமே?"

"யாருவே ஏமாந்தது?" பேச்சிராஜ் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடை இன்னும் முடியல. பாளையங்கோட்டையில இருந்து பத்து கிராம் வர வேண்டியிருக்கு."

இதுவரை வரவில்லை.