முடக்கத்தானும் என் முழங்காலும்

போன மாதம் மயிலாப்பூரில் என் மகள் காயத்ரிக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் அப்பா நெல் மூட்டை மேல் உட்கார வேண்டும். பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். எனக்கோ அதற்குச் சில வாரங்கள் முன்பு வலது முழங்கால் பன் மாதிரி உப்பிவிட்டது!

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாட வீதியில் கீரை விற்கும் அம்மா என் நடையைப் பார்த்தே சொல்லிவிட்டார். "இன்னா சார், முட்டி நோவுதா? முடக்கத்தான் கீது, வாங்கிக்கினு போ. தோசை ஊத்தித் துன்னு." நாட்டு மருந்துக் கடையிலோ அதன் சாற்றையே கேப்சூலில் அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டையும் வாங்கினேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு... 'எப்படி?' என்று கேட்காமல் எதையும் விழுங்க மாட்டேன். அடையாறில் என் நண்பன் ரகு — ரிடையர்டு மருந்தியல் புரொபசர் — இருக்கிறான். போன் போட்டேன்.

"எலி பாதத்துல வீக்கத்தை வரவழைச்சு, இந்த மாதிரி சாறெல்லாம் குடுத்துப் பாக்கறா. சிலதுக்குக் குறையும்."

"அப்போ எனக்கும் கேக்குமா?"

"எலி பொண்ணை மடியில வெச்சுக்கறதில்லையேடா! எதுக்கும் டாக்டரைக் கேட்டுண்டு சாப்பிடு."

டாக்டரும் சரி என்றார். மாத்திரை, கேப்சூல், தோசை... போதாததற்கு மனைவி தன் பங்குக்கு ஒரு தைலமும் தேய்த்தாள். வீக்கம் வற்றியது. எதனால்? ரகு தலையில் அடித்துக்கொண்டான். "நாலையும் ஒண்ணாப் பண்ணினா எது கேட்டதுன்னு எப்படிடா தெரியும்?"

அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் எந்தச் சாமி கண் திறக்கும் என்று தெரியாமல் எல்லாக் கோயிலிலும் தேங்காய் உடைக்கிறவர்கள் அல்லவா நாம்?

முகூர்த்தம். கெட்டிமேளம். காயத்ரி மடியில் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்... வலியே இல்லை! சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மேடையை விட்டு இறங்கியதும் ரகுவிடம், "பாத்தியா, கேப்சூலை!" என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய காயத்ரி, காரில் ஏறும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. நேத்து உங்க மடியில நான் உக்காரவே இல்ல. பாதத்தை ஊணிண்டு, உக்காந்த மாதிரி பாவ்லா பண்ணிண்டு இருந்தேன். மடிசார்ல யாருக்கும் தெரியல. உங்க முட்டி பாவம் இல்லையா..."

கார் கிளம்பிவிட்டது.

அடி பைத்தியமே... வலித்தால்தான் என்ன? உட்கார்ந்திருக்கலாமே!