எர்த்து பாத்தாச்சா?

என் அக்கா புருஷனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் ‘எர்த்து’. கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். வண்டி எந்தக் கோளாறோடு வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது, “எர்த்து பாத்தாச்சா?” என்பதுதான். பேட்டரியிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகிற கறுப்பு வயர் அது. அதன் நட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும், வண்டிக்குப் பேய் பிடித்துவிடும். ஹாரன் அடித்தால் விளக்கு மங்கும். சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்று முனகிவிட்டு அடங்கிவிடும்.

பக்கத்துக் கொட்டகையில் நான் டிங்கர். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவது என் பிழைப்பு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மாமா நேரெதிர். “வயரிங்கையே மாத்தணும்னு சொல்றாங்க சார்!” என்று யாராவது அலறிக்கொண்டு வந்தால், “அது கிடக்கட்டும், மொதல்ல சின்னதைப் பாப்போம்” என்று பேட்டரி முனையை ஆட்டிப் பார்ப்பார். வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். அப்புறம் ஃபியூஸ், அப்புறம் எர்த்து. பெரும்பாலும் அதற்குள் வண்டி உறுமிவிடும். “மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற வேலை நமக்கெதுக்கு மாப்ளே?” என்பார் என்னிடம்.

அக்கா அவரைக் கேலி செய்யாத நாளில்லை. “நான் கோவிச்சுக்கிட்டாக்கூட இந்த மனுஷன் மொதல்ல ‘சாப்பிட்டியா?’ன்னுதாண்டா கேப்பாரு!” பாதி நாள் அவர் கேட்டது சரியாகத்தான் இருக்கும். பசி வந்தால் எங்கள் வீட்டு ஆட்கள் யாருக்கும் நிதானம் கிடையாது.

அந்த அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாமா சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். தூக்கம் போதவில்லை என்று அவளைப் படுக்கவைத்து அடுப்படியை இவர் பார்த்தார். தலையணையை உயர்த்தி வைத்தார். உடம்பில் சத்தில்லை என்று பழமாக வாங்கிக் குவித்தார். ஒன்றைப் பார்த்து, அது இல்லையென்றான பிறகுதான் அடுத்தது. “ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் மாமா” என்று நான் சொன்னபோது, “போலாம் மாப்ளே, மொதல்ல சின்னதைப் பாத்துருவோம்” என்றார். அக்காவும் அவர் பக்கம்தான். கால் வீங்கிய பிறகு என் வேனில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். இருதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வண்டி காத்திருக்கும், உடம்பு காத்திருக்குமா? அக்கா வீடு திரும்பவில்லை.

“தும்பை விட்டு வாலைப் பிடிக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே மாமா! இப்ப நீங்களே விட்டுட்டீங்களே!” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் கத்தினேன். அதற்கப்புறம் நான் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். இரண்டு கொட்டகைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான், ஆனாலும் பேசவில்லை.

அவர் தொழில் கெட்டது அதற்குப் பிறகுதான். ஒரு லைட் எரியவில்லை என்று வண்டி வந்தால் பல்பைத் தொடமாட்டார், டேஷ்போர்டையே கழற்றிவிடுவார். வயர்களையெல்லாம் உருவிப் போட்டுக்கொண்டு, பெரிய கோளாறு எங்கே, எங்கே என்று தேடுவார். வண்டிகள் குடலை வெளியே போட்டுக் கிடந்தன. ஆட்கள் வருவது குறைந்தது. “எர்த்துக்கு மரை கழண்டுபோச்சு” என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். நான் திட்டலாம், அவன் யார் சொல்வதற்கு? கொட்டகையின் சொந்தக்காரரும் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பெண்டாட்டி போய்விட்டாள், பிள்ளை குட்டி இல்லை. இந்த வேலையும் கைவிட்டுப் போனால் அந்த மனுஷன் காலையில் எதற்காக எழுந்திருப்பார்?

அந்த வாரமே ஒரு காலையில் என் வேன் கிளம்பவில்லை. டிக், டிக். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே குனிந்து டேஷ்போர்டின் ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இத்தனை காலம் இருந்ததற்கு, அந்த ‘டிக் டிக்’ என்ன சத்தம் என்று ஒரு கழுதைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

“மாமா,” என்றேன். “எர்த்து பாத்தாச்சா?”

கை அப்படியே நின்றது. எழுந்து போய் பானெட்டைத் திறந்தார். கறுப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போய், நுனியிலிருந்த நட்டைத் தொட்டார். அது தொட்டதும் சுற்றியது. ஸ்பேனர் போட்டு இறுக்கினார்.

“திருப்பு.”

திருப்பினேன். வண்டி உறுமியது.

அவர் ஸ்பேனரும் கையுமாக நின்றார். “அவளுக்கும் இவ்வளவுதான் இருக்கும்னு நெனச்சேன் மாப்ளே,” என்றார். “இல்ல, பொய். பெருசா இருந்துருமோன்னு பயம். அதான் சின்னது சின்னதாவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.”

நான் இறங்கிப் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். எலும்புதான் கையில் தட்டியது.

“சாப்பிட்டீங்களா மாமா?” என்றேன்.

இல்லை என்று தலையாட்டினார்.