எம்.எல்.ஏ. கையால் போணி

மயிலாடுதுறைப் பக்கம் துபாய்ப் பணத்தில் தெருவுக்குத் தெரு கடை முளைத்த காலத்தில், எம்.எல்.ஏ. ரெத்தினத்தின் கைராசிக்குத் தனி மவுசு. எந்தச் சின்னக் கடையைத் திறந்து வைத்தாலும், தானே காசு கொடுத்து ஏதாவது வாங்கிப் போணி பண்ணுவார். வணிகர் சங்கம் அதற்காக விருதே கொடுத்தது.

வாளியும் டார்ச் லைட்டும் வளையலுமாக வீடு நிரம்பியதில் மனைவி நீலாம்பாளுக்குத்தான் எரிச்சல். அடுத்த தேர்தலில் அவர் தோற்றதும், "சும்மா உட்கார்ந்திருக்காம இதையெல்லாம் வித்துத் தொலைங்க" என்றாள். முன்னறையே கடையாயிற்று.

தன் கடைக்குத் தானே போணி பண்ண முடியாதே. தன்னைத் தோற்கடித்த புது எம்.எல்.ஏ.வையே போய் அழைத்தார். அவரும் வந்து ரிப்பன் வெட்டினார். இருப்பதிலேயே பெரிய வாளியாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். ரெத்தினத்தின் தோளில் தட்டிவிட்டு, காசு கொடுக்காமல் காரில் ஏறினார்.